எஸ்ஆர்டி 5.2: காசில்லாமல் கிடைக்கிற சண்டைக் கணக்கு

ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் தாயம் உருட்டிக் கதை விளையாடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை நடத்துகிறவருக்கு ஆகக் கஷ்டமான வேலை நல்ல சண்டை ஒன்றை அமைப்பதுதான். லேசாகப் போனால் பெடியள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். கூடிப்போனால் மாதக்கணக்காக வளர்த்த பாத்திரம் ஒரே அடியில் செத்துப்போய், அதை விளையாடின பிள்ளையின் முகம் வாடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற இலவசப் பிடிஎஃப் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெயர் எஸ்ஆர்டி 5.2, விதிகளின் இலவசத் தொகுப்பு. விளையாட்டின் 2024 விதிகளில் பெரும்பகுதியை விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2025 ஏப்ரலில் இப்படித் திறந்துவிட்டது. 360 பக்கத்துக்கு மேல். மூலத்தைச் சொன்னால் எவரும் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம், சிசி-பிவை 4.0. சின்னத் திருத்தங்களோடு 5.2.1 பிறகு வந்தது. இறக்குகிறவர்கள் அதையே இறக்குங்கோ. வகுப்புகள், மந்திரங்கள், ஆயுதங்கள், 300க்கு மேற்பட்ட அரக்கர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நான் விமர்சிக்கப் போவது அதற்குள் ‘கேம்பிளே டூல்பொக்ஸ்’ என்ற பகுதியில் சண்டை அமைப்பதற்கென்று இருக்கிற சில பத்திகளையும், அவற்றோடு சேர்த்துப் பாவிக்க வேண்டிய அரக்கர் பட்டியலையும். எங்கள் மேசையில் ஆகக் கூடத் தேய்ந்த பக்கங்கள் அவைதான்.

நான் வீட்டுப் பிளான் கீறுகிற படவரைஞர். ஞாயிறு பின்னேரங்களில் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் விளையாட்டு. அக்காவின் மகன், அவனோடு உயர்தரம் படித்த சிநேகிதன், தாதியாக வேலை செய்கிற மச்சாள், பக்கத்து வீட்டு அண்ணை. நடத்துகிறவன் நான். இந்த விளையாட்டில் நடத்துகிறவரை டிஎம் என்பார்கள். அரக்கர்கள், ஊர்ச் சனம், மழை, வெயில் எல்லாம் அவர் பொறுப்பு.

முதலில் அச்சடித்த கதை. திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள போட்டோக்கொப்பிக் கடை ஒன்றுக்கு பென் டிரைவில் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கொப்பிரைட் பிரச்சினை ஒண்டும் வராதே?” என்று கேட்டார். உரிமம் எழுதியிருக்கிற பந்தியைக் காட்டினேன். வாசித்துவிட்டு, “இப்பிடி எல்லாரும் போட்டால் எவ்வளவு நல்லது” என்றபடி இயந்திரத்தைத் தட்டினார். ஒரு விளையாட்டுக்காரன் ஒளிக்காமல், பயப்படாமல், தன் ஊர்க் கடையில் விதிநூலை அச்சடிக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். இந்தப் பொருளின் முதல் தரம் அதுதான். எல்லாம் அடிக்கத் தேவையில்லை. விதிச் சொற்களின் அகராதி, டூல்பொக்ஸ், அரக்கர்கள், விலங்குகள் போதும். மந்திரங்களைத் தேடுவதற்குக் கைபேசிதான் வசதி. இரண்டு பக்கமும் அடித்து ஸ்பைரல் போட்டால் மேசையில் மல்லாந்து கிடக்கும், தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைக்காதவரைக்கும் கனகாலம் உழைக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். சண்டைக்கு மூன்று தரம்: லோ (லேசு), மொடரேற் (நடுத்தரம்), ஹை (கடுமை). ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் மட்டத்தை, அதாவது விளையாட விளையாட ஏறுகிற படியைப் பொறுத்து ஒரு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) ஒதுக்கீடு. முதலாம் மட்டத்தில் தலைக்கு 50, 75, 100. இரண்டாம் மட்டத்தில் 100, 150, 200. மூன்றாம் மட்டத்தில் 150, 225, 400. ஐந்தில் 500, 750, 1100. ஆட்களின் தொகையால் பெருக்கினால் உங்களுக்கு ஒரு வரவுசெலவு கிடைக்கும். ஒவ்வொரு அரக்கருக்கும் எக்ஸ்பி விலை இருக்கிறது. குள்ள அரக்கனான கொப்ளின் வீரன் 50, கொப்ளின் தலைவன் 200, பெருத்த அரக்கனான ஓகர் 450. கையிலிருக்கிற தொகை முடியும்வரை வாங்கிப் போடுங்கோ, சண்டை ரெடி.

இவ்வளவு சுருக்கமாக இருப்பது பெரிய ஆறுதல். 2014 விதிகளில் இதற்கு மேலே இன்னொரு பெருக்கல் இருந்தது. அரக்கர் இரண்டு என்றால் ஒன்றரையால், மூன்று முதல் ஆறு என்றால் இரண்டால், ஏழு முதல் பத்து என்றால் இரண்டரையால், அப்படியே பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் நாலு மடங்குவரை போகும். பெருக்கி வந்த எண்ணைத்தான் ஒதுக்கீட்டோடு ஒப்பிட வேண்டும். கனபேர் அதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது விளங்குகிறது. ஒரு கொப்ளினைக் கூட்டினால் முழுக்கணக்கும் மாறும். புதிய பதிப்பு அந்தப் பெருக்கலை முழுதாகத் தூக்கிவிட்டது.

தூக்கினதால் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பி முதல்நாள் சண்டை போடுகிற புது டிஎம்மைத்தான் அது விழுத்தும்.

முதலாம் மட்டத்தில் நாலு பேர். ஹை என்றால் ஒதுக்கீடு 400. எட்டுக் கொப்ளின் வீரர்கள், தலைக்கு 50 வீதம், சரியாக 400. பத்திரம் அனுமதிக்கிறது. இனி அடியை எண்ணிப் பாருங்கோ. போர்வீரனுக்கு 12 எச்பி (உயிர்ப் புள்ளி), குருவுக்கும் கள்ளனுக்கும் பத்துப் பத்து, மந்திரவாதிக்கு 8; மொத்தம் 40. எல்லாருக்கும் ஏசி, அதாவது அடி படுவதற்கு எதிரி உருட்ட வேண்டிய எண், 15 என்று வைப்போம். கொப்ளின் இருபது பக்கத் தாயத்தை உருட்டி அதில் 4ஐக் கூட்டும்; 15 வந்தால் அடி படும். அதாவது பாதிக்குப் பாதி. பட்டால் ஆறு பக்கத் தாயத்தோடு 2, சராசரி ஐந்தரை. எட்டுக் கொப்ளினும் ஒருமுறை வெட்டினால் ஏறத்தாழ 22. எங்கள் ஆட்கள் திறமாக விளையாடி அந்தச் சுற்றில் இரண்டை விழுத்தினாலும் மிச்ச ஆறும் அடுத்த சுற்றில் 16 தரும். இரண்டு சுற்றில் 38. நாற்பதில் 38.

இதே எட்டுக் கொப்ளினைப் பழைய கணக்கில் போட்டால் 400ஐ இரண்டரையால் பெருக்கி 1000. அந்த மட்டத்தில் நாலு பேருக்கு ‘டெட்லி’ (ஆளைக் கொல்லும்) என்று பழைய நூல் சொன்ன எல்லை 400. இரண்டரை மடங்கு தாண்டியிருப்போம், கண்ணை மூடிக்கொண்டு ஒருவரும் போடமாட்டார்கள்.

எஸ்ஆர்டி இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடவில்லை. கணக்குக்குக் கீழே பிரச்சினை தீர்க்கிற குறிப்புகள் இருக்கின்றன. தலைக்கு இரண்டுக்கு மேல் எதிரிகள் இருந்தால், கெதியில் சாகக்கூடிய மெலிந்தவைகளைச் சேர்க்கச் சொல்கிறது. முதலிரண்டு மட்டங்களில் இது முக்கியம் என்றும் சொல்கிறது. ஆனால் நாலு பேருக்கு எட்டு என்பது தலைக்குச் சரியாக இரண்டு. இரண்டுக்கு மேல் இல்லை. எச்சரிக்கை வாசலில் நின்றுகொண்டு எட்டாவது கொப்ளினை உள்ளே விடுகிறது. இந்த ஒரு வரியை ‘தலைக்கு ஒன்றுக்கு மேல்’ என்று முதலிரண்டு மட்டங்களுக்காவது மாற்றியிருக்க வேண்டும். என்னுடைய அச்சுப் பிரதியில் சிவப்புப் பேனையால் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இதற்குப் பக்கத்தில் ஓகரை வைத்துப் பாருங்கோ. விலை 450, நாலு பேரின் ஹை ஒதுக்கீட்டையே தாண்டிவிட்டது. 68 எச்பி, ஏசி 11. எங்கள் ஆட்கள் அடித்தால் நாலுக்கு மூன்று படும். சுற்றுக்கு 20 போகும், நாலாம் சுற்றில் விழும். அதற்குள் அது ஒருமுறைக்கு ஒரு அடிதான் அடிக்கும். சராசரி 13, பத்தில் ஆறு படும். சண்டை முடியும்போது மொத்தம் 30ஐ ஒட்டி. எட்டுக் கொப்ளினைவிட இது மலிவான ஆபத்து, ஆனால் விலைச்சீட்டில் கூட எழுதியிருக்கிறது. காரணம் எளிது. கொப்ளின்கள் பக்கம் சுற்றுக்கு எட்டு முறை, ஓகர் பக்கம் ஒரு முறை. சண்டையில் யாருக்கு எத்தனை முறை கிடைக்கிறது என்பது எச்பியைவிடப் பெரிது. இந்தக் கணக்குக்கு அது தெரியாது.

ஓகர் சாதுவான ஆள் என்று சொல்லவில்லை. அதன் தடியடி எட்டுப் பக்கத் தாயம் இரண்டோடு 4. எட்டு எச்பி மந்திரவாதிக்கு 16 விழுந்தால் மயக்கம் இல்லை, நேரே சாவுதான்: மிஞ்சிய அடி அவரின் முழு எச்பியைத் தொட்டால் விதி அப்படி. அடி பட்டால் ஏறத்தாழ நாலில் ஒருமுறை அது நடக்கும். இந்த இடத்தில் எஸ்ஆர்டியை மனமாரப் பாராட்ட வேண்டும். கட்சியின் (விளையாடுகிற கூட்டத்தின்) மட்டத்தைவிட சிஆர் (அரக்கரின் பல எண்) கூடின அரக்கரைப் போட்டால் ஒரே செயலில் ஆளை முடிக்கலாம் என்று எச்சரித்து, உதாரணத்துக்கு ஓகரையும் முதலாம் மட்ட மந்திரவாதியையும்தான் காட்டுகிறது. புது டிஎம் எவரும் முதலில் எடுக்கப்போகிற அரக்கன் ஓகர் என்பது எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கனகாலம் விளையாடுகிற டிஎம்மார் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அரக்கர்களின் சிஆரைக் கூட்டுங்கோ. பாத்திரங்களின் மட்டங்களைக் கூட்டி நாலால் வகுங்கோ, ஐந்தாம் மட்டத்திலிருந்து இரண்டால். முதலாவது இரண்டாவதைத் தாண்டினால் ஆளைக் கொல்லக்கூடிய சண்டை. நாலு பேர் முதலாம் மட்டத்தில் என்றால் எல்லை 1. எட்டுக் கொப்ளின், ஒன்றுக்குக் காலாக, 2. ஓகரும் 2. இரண்டும் ஆபத்து என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். நான் எஸ்ஆர்டி அட்டவணையில் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் இதை வைத்து ஒருமுறை சரிபார்ப்பேன். இரண்டும் முரண்பட்டால் கைக்கணக்குச் சொல்வதைக் கேட்பேன், முதலிரண்டு மட்டங்களில் கட்டாயம் கேட்பேன்.

இனி நான் சொல்ல வந்த பெரிய விஷயம். தொழிலால் எனக்கு இது உடனே கண்ணில் பட்டது. கல், சீமெந்து, கம்பி, ஓடு எல்லாவற்றின் விலையையும் கூட்டினால் வீட்டின் மதிப்பீடு வரும். காணி பள்ளமா மேடா, மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்தத் தொகையில் வராது. எஸ்ஆர்டியின் எக்ஸ்பி கணக்கும் சாமான் விலைதான். எதிரிகளுக்கு விலை உண்டு, நிலத்துக்கு இல்லை. அந்தப் பத்திகளில் நிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சவாலான சண்டை ஒன்றில் பாதி வேலையை நிலம்தான் செய்கிறது.

நான் கீறின ஒழுங்கையைச் சொல்கிறேன். கட்சி இரண்டாம் மட்டம், நாலு பேர், லோ 400, மொடரேற் 600. ஆறு கொப்ளின் வீரர்கள் 300, ஒரு கொப்ளின் தலைவன் 200, மொத்தம் 500. இரண்டுக்கும் நடுவில். வெட்ட வெளியில் வைத்தால் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். ஸ்கொயர் றூள் கொப்பியில் ஒரு பெட்டி ஐந்து அடியாக எண்பது அடி நீள ஒழுங்கை, பத்தடி அகலம். இரண்டு பக்கமும் கதியால் வேலி, அதுக்குக் கிடுகு அடைத்திருக்கு, நடுவில் கூரை போட்ட ஒரு சங்கடப் படலை, அந்தத்தில் கிணறும் துலாவும். கொப்ளின்கள் வேலிக்குப் பின்னால், கிடுகு பிய்ந்த ஓட்டைகளில் வில்லோடு. விதிப்படி அது முக்கால் மறைப்பு: ஏசிக்கு 5 கூடும். 15 இருபதாகிறது. தாயத்தோடு 5ஐக் கூட்டி அடிக்கிறவனுக்கு வெளியில் நூற்றுக்கு 55 படும்; இங்கே 30. அதோடு கொப்ளினுக்கு எய்துவிட்டு அதே முறையில் ஒளிக்கிற வல்லமை இருக்கிறது. ஒளித்திருந்து எய்தால் இரண்டு தாயம் உருட்டி நல்லதை எடுக்கும், பட்டால் நாலு பக்கத் தாயம் ஒன்று மேலதிகமாக. அரக்கர் ஒன்றும் கூடவில்லை, எக்ஸ்பி அதே 500. சண்டை வேறு சண்டை.

எதிரிகளுக்கு எங்களிடம் பிளாஸ்ரிக் பொம்மை இல்லை. ஒருபக்கம் உரைஞ்ச புளியங்கொட்டைதான் கொப்ளின். உயிரோடு இருந்தால் கறுப்புப் பக்கம் மேலே, செத்தால் வெள்ளைப் பக்கம். தலைவனுக்கு ஒரு சோழி. இரண்டாம் சுற்று முடிந்தபோது ஆறில் ஒன்றுகூட வெள்ளையாகவில்லை. மருமகன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இதுக்குள்ளால எய்து பிரியோசனம் இல்லை, படலைக்க ஓடுவம்” என்றான். மச்சாள் அவனை இருக்கச் சொல்லிவிட்டுத் தன் குருவின் மந்திரங்களைத் திரும்ப வாசித்தார். சேக்ரட் ஃபிளேம் என்ற சின்ன மந்திரத்துக்கு மறைப்பு உதவாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. ஆள் தெரிந்தால் போதும், அரை மறைப்பு, முக்கால் மறைப்பு எதுவும் கணக்கில்லை. “அப்ப வேலியால என்ன, ஓட்டைக்க தலை தெரியுதுதானே” என்று கேட்டார். தெரிகிறது என்றேன். முதலாவது புளியங்கொட்டை வெள்ளையானது அப்போதுதான். பிறகு கள்ளன் சங்கடப் படலையின் கூரையில் ஏற, பக்கத்து வீட்டு அண்ணையின் போர்வீரன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொப்ளின் தலைவன் தனக்கு வந்த அடியைப் பக்கத்தில் நின்ற தன் ஆளிடம் இடம்மாறித் தள்ளிவிட்டபோது மேசையே கத்தியது. அந்த வல்லமையும் எஸ்ஆர்டியில் தலைவனின் பெட்டிக்குள் இருப்பதுதான்.

அரக்கர் பட்டியலின் பெறுமதி இதில் விளங்கும். பழைய இலவசத் தொகுப்பில் கொப்ளின் என்றால் ஒரே கொப்ளின். இதில் சின்னவன், வீரன், தலைவன் என்று மூன்று. சின்னவனின் விலை 25. பெயருக்கு ஒரே கூட்டம், ஆனால் ஒவ்வொருவனும் மேசையில் வேறு வேலை செய்கிறான். ஒரே சண்டைக்குள் இரண்டு மூன்று வகையைக் கலக்கிறதுதான் திறம், அதற்குப் பட்டியல் நன்றாகவே இடம் கொடுக்கிறது. படங்கள் இல்லை, அரக்கர்களின் கதையும் இல்லை. பீஹோல்டர், மைன்ட் ஃப்ளேயர் மாதிரி நிறுவனம் தனக்கென்று வைத்திருக்கிறவையும் இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. படம் வேண்டிய இடத்தில் பெடியளே கீறுவார்கள்.

நிலத்துக்கு விதிகள் எஸ்ஆர்டியில் இல்லாமல் இல்லை, ஆனால் சிதறிக் கிடக்கின்றன. மறைப்பு ஒரு இடத்தில், கடின நிலம் இன்னொரு இடத்தில், விழுந்தால் பத்தடிக்கு ஆறு பக்கத் தாயம் ஒன்று என்பது வேறொரு இடத்தில். டூல்பொக்ஸில் சுற்றாடல் விளைவுகள் என்று ஒரு பகுதி உண்டு. கடும் குளிர், வழுக்குகிற பனிக்கட்டி எல்லாம் எங்களுக்குத் தேவைப்படாது. கடும் வெயிலை மட்டும் நான் விடமாட்டேன். 100 பாகை பரனைற்றோ அதற்கு மேலோ இருந்து, குடிக்கத் தண்ணி இல்லாமல் நடந்தால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடல் சோதனை. முதலில் 5 வர வேண்டும், ஒவ்வொரு மணித்தியாலமும் ஒன்று கூடும். நடுத்தர, கனத்த கவசக்காரருக்கு இரண்டு தாயத்தில் கெட்டதுதான் கணக்கு. தவறினால் ஒரு படி களைப்பு. படிக்குப் படி இருபது பக்கத் தாயத்தின் எல்லா உருட்டலிலும் 2 குறையும். சித்திரை வெயிலில் பனங்கூடலுக்கால் நடந்து வந்த ஆட்களை நாலு மெலிந்த கொப்ளின் சந்தித்தாலும் அது சண்டைதான். இதற்கும் எக்ஸ்பி கணக்குக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. டிஎம் தானாகத்தான் தொடுக்க வேண்டும்.

இன்னொரு குறை, எங்களைப் போல ஞாயிறு பின்னேரம் மட்டும் கூடுகிறவர்களுக்கு. 2014 நூல் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டை என்று ஒரு அளவு சொன்னது. அது கூடிப்போன அளவுதான், இரண்டு மணித்தியால விளையாட்டில் எட்டுச் சண்டை யார் போடுவார்? என்றாலும் அந்த அளவு ஒன்றை ஞாபகப்படுத்தியது: மந்திரங்கள் செலவாகிச் செலவாகித்தான் சண்டை கடினமாகும். எஸ்ஆர்டி 5.2 சண்டைப் பத்திகளில் அப்படி நாளளவு ஒன்றும் இல்லை. நாளுக்கு ஒரே சண்டை, இரவு எட்டு மணித்தியால ஓய்வு, மறுநாள் எல்லாம் புதிதாக என்று போனால், ஐந்தாம் மட்டத்துக்குப் பிறகு ஹை என்பது பெயரளவில்தான் ஹை. எங்கள் வீட்டு வழக்கம்: ஒரு பின்னேரம் முழுக்க விளையாட்டில் ஒரே நாள், சிலவேளை மூன்று பின்னேரமும் ஒரே நாள். ஊருக்குத் திரும்பினால்தான் நீண்ட ஓய்வு. அதற்குள் இரண்டு லோ, ஒரு ஹை. அப்படிச் செய்தால் அட்டவணை சொல்கிற சொல் மேசையில் உண்மையாகிறது.

இலக்கு என்பதையும் இந்தப் பத்திகள் பேசவில்லை. எதிரியை விழுத்துவது மட்டுமே சண்டை என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்லூர் யமுனா ஏரியைப் பார்த்தவர்களுக்கு அதன் ‘ப’ வடிவம் தெரியும். அந்த வடிவத்தைக் கொப்பியில் கீறி, மூன்று பக்கமும் படி வைத்து, ஒரு பழைய கோயிலின் கேணியாக்கினேன். மூன்றாம் மட்டக் கட்சி. ஓகர் 450, கொப்ளின் வீரர் மூன்று 150, மொத்தம் 600, இது சுத்தமான லோ. ஆனால் கொப்ளின்கள் சண்டைக்கு நிற்கவில்லை. கேணிக்குள் கிடந்த கண்டாமணியைக் கயிறு போட்டு இழுத்து வண்டிலில் ஏற்றுகிறார்கள். ஐந்தாம் சுற்று முடிய வண்டில் வெளிக்கிட்டுவிடும். ஓகர் ஒடுங்கின படியில் நின்று வழியை மறிக்கிறது. தண்ணிக்குள் இறங்கி நீந்தினால் பாதித் தூரம்தான் போகலாம். ஓகரை அடிப்பதா, சுற்றிப் போவதா, யார் நனைவது என்று எங்கள் ஆட்கள் பட்டபாடு எந்த ஹை சண்டையிலும் பட்டதில்லை. ஒருவரும் சாகவில்லை. மணி போய்விட்டது. அடுத்த ஞாயிறு வரைக்கும் மருமகனுக்கு அதே கதைதான்.

இதே மாதிரி இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிகளும் இணையத்தில் சட்டப்படி இலவசம், அதன் சண்டைக் கணக்கு இதைவிடத் துல்லியம். நாலு பேருக்கு மொடரேற் 80, சிவியர் 120, எக்ஸ்ட்ரீம் 160. அரக்கரின் மட்டம் கட்சியின் மட்டத்தைவிட எத்தனை கூட, எத்தனை குறைய என்பதைப் பொறுத்து விலை மாறும். சொன்னால் சொன்னபடி நடக்கும். ஆனால் படிக்க வேண்டிய விதி கனக்க. புதிதாக வருகிறவர்களை வைத்து நடத்துகிறவருக்கு நான் எஸ்ஆர்டியைத்தான் கையில் கொடுப்பேன்.

கெட்டி அட்டை டிஎம் நூலை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: சண்டை அமைப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். எக்ஸ்பி அட்டவணை அதே எண்கள்தான். அந்தக் காசுக்கு நல்ல தாயம் இரண்டு செற்றும் ஒரு கட்டு ஸ்கொயர் றூள் கொப்பியும் வாங்குங்கோ. விதிகள் ஆங்கிலத்தில் இருப்பது வீட்டில் சிலருக்குத் தடையாக இருந்தால், உரிமம் மொழிபெயர்க்கவும் விடுகிறது, விற்கவும் விடுகிறது. மாற்றியிருந்தால் அதைச் சொல்லி, மூலத்தைக் குறிப்பிடும் வாசகம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த வாசகத்தை முதல் பக்கத்திலேயே தந்திருக்கிறார்கள். நாங்கள் ஒதுக்கீட்டு அட்டவணை, மறைப்பு, விழுதல், வெயில், ஓய்வு ஆகியவற்றை மட்டும் தமிழில் ஒரே தாளில் அடித்து, பின்பக்கத்தில் அந்த வாசகத்தைப் போட்டு, லாமினேற் பண்ணி வைத்திருக்கிறோம். ‘தலைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்’ என்ற என் சிவப்பு வரியும் அதில் இருக்கிறது, எங்கள் சொந்தச் சேர்ப்பு என்ற குறிப்போடு.